மலையேறிகள் இடப்பக்கம், மற்றவர்கள் வலப்பக்கம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆண்கள் தங்கள் கால்களை மழித்துக்கொள்ளும் வழக்கத்திலிருந்து வந்தது.

எங்கள் சான் ஒனேசிமோவில் சைக்கிளில் மலை ஏறுகிற ஆண்கள் எல்லோரும் சனிக்கிழமை மாலையில் கால்களை மழித்துக்கொள்வார்கள். கேட்டால், காற்று தடுக்காது என்பார்கள். விழுந்தால் காயம் கழுவ வசதி என்பார்கள். உண்மையில், நாளை நான் மேலே ஏறப்போகிறேன் என்று ஊருக்குச் சொல்கிற அடையாளம் அது. சமதரையில் ஓட்டுகிறவன் காலை மழித்துக்கொண்டு வந்தால் சிரிப்பார்கள். என் கணவர் எவெலியோ சலூன் வைத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் அவர் கடைக்குத் தலைகளைவிடக் கால்கள்தான் அதிகம் வரும்.

(எவெலியோ என்பது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. கதைக்காக மாற்றியிருக்கிறேன். ஊரில் இருப்பதே ஒரே ஒரு சலூன் என்பதால் இதில் என்ன பயன் என்று தெரியவில்லை. இரும்புக்கடை கில்தார்தோ மட்டும் தன் பெயரை மாற்றவே கூடாது என்று சொல்லிவிட்டார். கடைக்கு விளம்பரமாம்.)

இன்று சனிக்கிழமை. நாளை எங்கள் பழைய ரயில் பாதை, சைக்கிள் பாதையாகத் திறக்கப்படுகிறது. இங்கிருந்து ஆற்றுத் துறைமுகம் புவெர்த்தோ கலிந்தோ வரை ஒரு முழு நாள் பயணம். எவெலியோ பின்கட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து ரேசரைத் தீட்டுகிறார். நான் சமையலறை மேசையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதன் முடிவு என்ன என்று தெரிந்துகொள்ள உங்களைவிட அவருக்குத்தான் அவசரம். ஏன் என்று சொல்கிறேன்.

2

தொடக்கங்கள்:

"ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடத்தில் இன்று சைக்கிள்கள்—"

வேண்டாம். நகராட்சியின் விளம்பரத் தாள் இப்படித்தான் தொடங்குகிறது.

"மலைகளுக்கும் இதயம் உண்டு என்று அவன் அன்றுதான்—"

இது மத்தேயோவுக்குப் பிடிக்கும். அதனாலேயே அடித்துவிட்டேன். மத்தேயோ எங்கள் எழுத்துப் பட்டறையின் ஆசிரியன். மெதெயீன் நகரத்திலிருந்து வியாழக்கிழமைதோறும் பஸ்ஸில் வருவான். பையன் நல்லவன்தான். கதை என்றால் மெல்ல ஏற வேண்டும், உச்சிக்குப் போக வேண்டும், பிறகு இறங்க வேண்டும் என்று பலகையில் ஒரு மலையை வரைந்து காட்டுவான். எங்கள் ஊர்க்காரர்களிடம் போய் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

மூன்றாவது தொடக்கம் சுமார்தான், ஆனால் உண்மை: "என் கணவர் மலை ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்."

இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

எவெலியோவும் கில்தார்தோவும் இன்னும் சிலரும் சேர்ந்து 'ஞாயிறு ஆடுகள்' என்று ஒரு குழு. ஜெர்சியில் கூலிங்கிளாஸ் போட்ட ஓர் ஆடு இருக்கும். அவர்கள் ஏறும்போது பின்னால் காரில் போவது நான். பிளாஸ்கில் வெல்லத் தண்ணீர், பக்கத்து சீட்டில் கொய்யாப்பழத்தில் கிண்டி இலையில் சுற்றிய கொய்யாக்கட்டி. சென்ற ஆண்டு ஒரு வளைவில் எவெலியோ இறங்கி, செயினைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார். செயின் நன்றாகத்தான் இருந்தது. அவர் முகம்தான் சாம்பல் நிறத்தில் இருந்தது. மற்ற ஆடுகள் முன்னால் போய்விட்டன. பார்த்தது நான் மட்டும்.

"அடைப்பு இருக்கு. மருந்து தர்றேன். இனிமே ஏத்தம் கூடவே கூடாது," என்றார் டாக்டர். கடற்கரை ஊர்ப் பெண். அங்கே ஏற்றம் என்றால் மாடிப்படிதான். "சமதரையில எவ்வளவு வேணும்னாலும் ஓட்டுங்க."

"டாக்டரம்மா, இந்த ஊர்ல சமதரை எங்க இருக்கு? கால்பந்து மைதானமே சாஞ்சு கிடக்கு. கீழ இருந்து கோல் போட்டவனை இன்னும் நான் பாக்கல."

"ரயில் பாதையைச் சைக்கிளுக்கு மாத்திக்கிட்டிருக்காங்களே. அதுல போங்க."

"அது குழந்தைங்க ஓட்டறதுக்கு."

"குழந்தைங்க யாரும் மாரடைப்புன்னு எங்கிட்ட வர்றதில்ல, பாத்தீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். வீடு வரும்வரை அவர் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தார்.

ஆனால் டாக்டர் சொன்னது சரி. ரயில் எஞ்சினுக்கு ஏற்றம் ஆகாது. என் கணவரின் இதயத்துக்கும் ஆகாது. மலையைச் சுற்றியும் குடைந்தும், இருப்பதே தெரியாத சரிவில் போட்ட வழி அது. தண்டவாளத்தைப் பிடுங்கி, ஜல்லி பரப்பி, பாலங்களில் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது எங்களுக்காகவே போட்டது மாதிரி இருந்தது.

4

[இந்தப் பகுதியை நம்ப முடியவில்லை என்று பட்டறையில் சொன்னார்கள். நடந்ததே இதுதான். நம்பும்படி மாற்றிப் பார்த்தேன், சப்பென்று போய்விட்டது.]

பாதை முடியும் தறுவாயில் நகராட்சி மண்டபத்தில் கூட்டம். பாதைக் கமிட்டித் தலைவர் நிகானோர் வரைபடத்தை மாட்டிவிட்டு, "யாருக்காவது குறை இருக்கா?" என்று கேட்டார். கில்தார்தோ எழுந்தார்.

"நான் ஓட்டிப் பாத்தேன். இது சைக்கிள் பாதையா, பில்லியர்ட்ஸ் மேசையா? ஒரு ஏத்தம் உண்டா? வெளியூர்க்காரன் வந்து பாத்தா என்ன நினைப்பான்? சான் ஒனேசிமோ ஆம்பளைங்க குழந்தைத் தள்ளுவண்டிப் பாதையில ஓட்டறாங்கன்னு நினைக்க மாட்டான்?"

மண்டபத்தில் விசில் பறந்தது.

"அது ரயில் போன வழிய்யா," என்றார் நிகானோர். "ரயில் ஏறாது."

"ரயிலால முடியலங்கறதுக்காக நாங்களும் ஏறக் கூடாதா?"

இதில் தவறு இருப்பதாக அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு நிமிஷம் எனக்கே நியாயம்தானே என்று பட்டது.

வழியில் 'பெருமூச்சு' என்று ஒரு மலை உண்டு. அதன் மேல் ஏறாமல் இருப்பதற்காக, ரயில் போட்டவர்கள் வருஷக்கணக்கில் அதைக் குடைந்து குகை போட்டார்கள். அதில் செத்தவர்களும் உண்டு. கமிட்டி அன்று நிறைவேற்றிய தீர்மானம் இது: குகை வாயிலுக்கு முன்னால் இடப்பக்கமாக ஒரு கிளைப் பாதை வெட்டி, செங்குத்தாக மலை உச்சிக்குக் கொண்டுபோய், அந்தப் பக்கம் இறக்கிவிடுவது. உச்சியில் மாதா சிலையும், பந்தய முடிவில் வைப்பதுபோல ஓர் அலங்கார வளைவும். உலகத்தில் மற்றவர்கள் மலையிலிருந்து தப்பிக்கக் குகை தோண்டுவார்கள். நாங்கள் குகையிலிருந்து தப்பிக்க மலைக்குப் பாதை போட்டோம்.

"ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க."

ஆடுகள் எல்லாம் தூக்கின. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முன்வரிசையில் எல்லாவற்றையும்விட உயரமாக ஒரு கை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அது நான் வாங்கிக்கொடுத்தது.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "ஏன் தூக்கினீங்க?"

"எல்லாரும் தூக்கினாங்க."

"உங்களுக்குன்னு மிஞ்சினதே அந்த ஒரு வழிதான்."

"கை தானாப் போயிடுச்சு, மிஹா."

அறுபது வயதானாலும் இங்கே மனைவி 'மிஹா'தான், 'என் பொண்ணே' என்பது மாதிரி. கோபத்தில் இருக்கும்போது அதைக் கேட்டால் எரிச்சலாக வரும்.

இப்போது குகைக்கு முன்னால் நகராட்சி ஒரு பலகை நட்டிருக்கிறது. இரண்டு அம்புக்குறிகள். 'மலையேறிகள்' இடப்பக்கம். 'மற்றவர்கள்' வலப்பக்கம், குகைக்குள்.

மற்றவர்கள்! தள்ளுவண்டிக் குழந்தைகள், நாய்கள், பாதிரியார், என் கணவர்.

5

நாளைய வழியைச் சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு அது பாதிதான் தெரியும். காருக்கு அங்கே அனுமதி இல்லை. நான் நெடுஞ்சாலையில் சுற்றிக்கொண்டு வந்து, பழைய ரயில் நிலையம் ஒவ்வொன்றிலும் காத்திருப்பேன். கடை மூடுகிற செவ்வாய்க்கிழமைகளில் எவெலியோ யாருக்கும் தெரியாமல் பாதையில் ஓட்டிப் பழகினார். ஆடுகளிடம் முழங்கால் வலி என்று சொல்லியிருந்தார். முதல் நிலையத்தில் இப்போது சீஸ் உருண்டை பொரிக்கிறார்கள். இரண்டாவதில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது, டிக்கெட் ஜன்னலில் உள்பாவாடை காயும். அதற்கப்புறம் காப்பித் தோட்டங்கள் முடிந்து வாழை வரும், வெக்கை ஏறும், குகை வரும். குகையைத் தாண்டினால் மாட்டுப் பண்ணைகளும் ஆறும்தான்.

இரண்டு நிலையங்களுக்கு நடுவில் அவருக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. எழுத்தாளருக்குத் தன் பாத்திரத்தைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறான் மத்தேயோ. எனக்குத் தெரிந்ததெல்லாம் பிளாஸ்க்கோடு நிற்பதும், வளைவில் சிவப்பு ஹெல்மெட் தெரிகிறதா என்று பார்ப்பதும்தான். தெரிகிறவரை நான் என்னென்னவோ கற்பனை செய்வேன். பட்டறைக்குப் போகும் முன்பே கதை கட்டப் பழகியது அப்படித்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டாவது நிலையத்துக்கு வந்து சேர்ந்தவர் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"ஒரு கன்னுக்குட்டி பாலம் வரைக்கும் கூடவே ஓடி வந்துது. அந்தப் பாலத்துக்குக் கீழ ஒரு அருவி இருக்கு, தெரியுமா உனக்கு?"

"ஊருக்கே தெரியும். நீங்கதான் பாக்கல."

"எங்க பாக்கறது? முப்பது வருஷமா நான் பாத்ததெல்லாம் கில்தார்தோவோட பின்பக்கம்தானே."\*

பிறகு, ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி முகத்தை இறுக்கிக்கொண்டு வெல்லத் தண்ணீர் கேட்டார். ஏற்றமில்லாத இடத்தில் சந்தோஷமாக இருந்ததற்கு வெட்கப்படுகிற மனிதரை நான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

\* இந்த இடத்தில் எவெலியோ ஓரத்தில் எழுதியது: "இதை எடு. கில்தார்தோ படிச்சா ஊரை விட்டே போகணும்."

6

இந்தப் பகுதி, அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் எவெலியோ குளியலறையில் அழுததைப் பற்றியது. அவர் படித்துவிட்டு, அழவில்லை, கண்ணில் சோப்பு என்றார். ஆகவே நீக்கிவிட்டேன்.

7

முடிவுகள்.

முதல் முடிவு. அவர் இடப்பக்கம் திரும்புகிறார். கில்தார்தோவை முந்துகிறார். வளைவின் கீழே இரண்டு கையையும் தூக்குகிறார். மாதா பார்க்கிறாள். தூக்கிய கையோடு அப்படியே சாய்ந்து—

இதை வியாழக்கிழமை படித்தேன். அஞ்சலகத்தில் வேலைபார்க்கும் அம்மாள் மூக்கைச் சிந்தினாள். மத்தேயோ மேசையைத் தட்டினான். என்னை மரியாதையாக 'தோன்யா' என்றுதான் கூப்பிடுவான். "இதான், தோன்யா லுஸ்மிலா! இதான் உச்சி! கதை இதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு!"

"அந்த ஆள் எனக்கு வேணுமே, தம்பி."

"அது உங்க வீட்டுக்காரர் இல்ல, பாத்திரம்."

"பாத்திரத்தோட ஜெர்சியை இன்னிக்குக் காலையிலதான் துவைச்சுப் போட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். எழுதியது நடந்துவிடும் என்று நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தை அடுப்பில் போட்டேன்.

இரண்டாவது முடிவு. அவர் தலைகுனிந்து குகைக்குள் போகிறார். உள்ளே இருட்டில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்குகிறது. கில்தார்தோ! அவருக்கு மூலம். அப்பால் இன்னொருவர், அவருக்கு இடுப்பு. ஆடுகள் எல்லாமே ஆளுக்கொரு பொய் சொல்லிவிட்டுக் குகைக்குள் வந்திருக்கின்றன. கட்டிப்பிடித்துச் சிரிக்கிறார்கள்.

நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? எழுதிவிட்டு வெட்கப்பட்டேன். கில்தார்தோவை எனக்குத் தெரியும். குதிரை மாதிரி ஆரோக்கியம். என் ஆறுதலுக்காக அவருக்கு மூலம் வரவழைப்பது நியாயமில்லை.

மூன்றாவது முடிவு. பலகைக்குச் சற்று முன்பே பஞ்சர். எல்லோரும் ஏறிவிட, அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குகை வழியாகக் கௌரவமாக வருகிறார்.

இதைப் படித்ததும் எவெலியோ கொதித்துவிட்டார். "என் டயர்ல பஞ்சரா? பாத்துப் பாத்துக் காத்து அடிக்கிறவன் நான். இதயம் கெட்டவன்னு எழுது, தாங்கிக்கறேன். டயரைப் பாத்துக்கத் தெரியாதவன்னு எழுதாதே."

8

இனி நேற்று நடந்தது.

காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். நான் கேட்டேவிட்டேன். "ஞாயித்துக்கிழமை எந்தப் பக்கம் போகப் போறீங்க?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"வலது பக்கம் திரும்பினா, திங்கக்கிழமை எவன் கழுத்துல துணி கட்டினாலும் அவன் என்னைப் பாவமாப் பாப்பான். ரேசரைப் பிடிச்சிருக்கிறவனைப் பாவமாப் பாக்கக் கூடாது, மிஹா. அது தொழிலுக்கு ஆகாது."

"இடது பக்கம் திரும்பினா திங்கக்கிழமையே உங்களுக்கு இல்லாமப் போகலாம்."

"போகலாம். போகாமலும் இருக்கலாம். மெதுவா, சின்ன கியர்ல..."

"போகாதீங்க. நான் சொல்றேன்."

அவர் கோப்பையை வைத்தார். "பொண்டாட்டியா நீ சொன்னா நான் கேக்க மாட்டேன்னு உனக்கே தெரியும். முப்பது வருஷத்துல எத்தனை தடவை கேட்டிருக்கேன்? எழுத்தாளரா சொல்லு. அந்தக் கதைக்கு என்ன முடிவு எழுதறியோ, அப்படியே செய்யறேன். சத்தியமா."

"விளையாடாதீங்க."

"விளையாடல. எனக்கு முடிவெடுக்கத் தெரியல. கையைத் தூக்கச் சொன்னா தூக்கறேன், அவ்வளவுதான் நான். நீ எழுது. ஆனா ஒண்ணு. பயந்துக்கிட்டு எழுதாத. நல்ல கதையா எழுது."

எழுந்து போனவர், வாசலில் நின்று இன்னொன்று சொன்னார். "ஏத்திவிடறதா இருந்தா, உச்சியில ஒரு நிமிஷம் நிக்க விடு. அங்கேருந்து ஆறு தெரியும்னு சொல்றாங்க."

9

ஆக இதுதான் என் நிலைமை. நல்ல கதை இடப்பக்கம் போகச் சொல்கிறது. நான் வலப்பக்கம் போகச் சொல்கிறேன். கமிட்டி சமதரைக்கு நடுவில் ஒரு மலைப்பாதையைச் செருகியதை எப்படியெல்லாம் கேலி செய்தேன்! இப்போது என் கதையிலும் எல்லோரும் அதையே கேட்கிறார்கள்.

நீங்களும்தான். மறைக்காதீர்கள். முதல் பகுதியிலிருந்தே அவர் ஏற வேண்டும் என்றுதானே காத்திருக்கிறீர்கள்? குகை வழியாகப் போய், மறுமுனையில் வெளிச்சத்துக்கு வந்து, ஒரு கொய்யாக்கட்டியைத் தின்றுவிட்டு ஆற்றோரமாக ஓட்டிக்கொண்டு போனார் என்று முடித்தால், இவ்வளவுதானா என்று புரட்டிவிட்டுப் போவீர்கள். கன்றுக்குட்டியும் அருவியும் உங்களுக்குப் போதாது. அவருக்கும் போதாது. எனக்குப் போதும். எனக்கு அந்த மனிதர் சமதரையில் சிரித்துக்கொண்டு வந்து இறங்கினால் போதும். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு எப்படியும் அழகாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அவர் உச்சியில் நின்று ஆற்றைப் பார்ப்பதையும் நான் நினைத்துப்பார்த்துவிட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருப்பார். யாரிடமாவது சொல்லத் திரும்புவார், நான் அங்கே இருக்க மாட்டேன். இதை எழுதாமல் இருப்பது எப்படி? எழுதி—

"முடிச்சிட்டியா?"

பின்கட்டிலிருந்து கூப்பிடுகிறார். எழுந்து போய்ப் பார்த்தேன். முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இடது காலை மழித்து முடித்துவிட்டார், முழங்காலிலிருந்து பாதம்வரை வழவழவென்று இருக்கிறது. வலது காலில் நுரை பூசியபடியே, ரேசரை எட்டப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.

"ஒரு காலோட நிறுத்திட்டீங்களே?"

"நீ என்ன எழுதினேன்னு தெரியாம எப்படி இன்னொண்ணைத் தொடறது? குகைன்னா இது இப்படியே இருக்கட்டும். பேண்ட் போட்டுக்கறேன்."

"ஏற்கெனவே ஒண்ணு மழிச்சாச்சே."

"அது உன் முதல் முடிவைப் படிச்சதிலேருந்து இருந்த ஆசையில செஞ்சது."

அந்தப் பக்கத்தை வியாழக்கிழமையே எரித்துவிட்டேன்; அதற்கு முன்பே படித்திருக்கிறார். மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

வாசகரே, என்னால் எழுத முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், அப்படியே போய் அவரிடம் சொல்லிவிடுகிறேன். நல்ல கதை எது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். நாளை குகைக்கு அந்தப் பக்கம் காரை நிறுத்தி, பிளாஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு, சிவப்பு ஹெல்மெட் வருகிறதா என்று மலையையும் குகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கப்போவது நீங்கள் இல்லை.

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். நுரை காய்கிறது என்கிறார்.